ரீல் மோவரா, பற்றறியா, பெற்றோலா? ரொறன்ரோப் புல்லுக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல் கடைசியில் ரொறன்ரோக் கடை வாசல்களில் புல்வெட்டும் மெஷின்களை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் எஞ்சினும் இல்லாமல் வயரும் இல்லாமல், வளைந்த அலகுகளோடு ஒன்று நிற்கும். கையால் தள்ளும் ரீல் மோவர். விலையைப் பார்த்தால் கை தானாக நீளும். சூழலுக்கு நல்லது, எரிபொருள் செலவில்லை, உடம்புக்கும் பயிற்சி என்று சொல்லி விற்பார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும் வாங்கியவர்களில் பலர் ஜூன் மாதமே அதைக் கராஜ் மூலையில் சாய்த்துவிடுகிறார்கள்.

தள்ளக் கஷ்டமாக இருந்தது என்பார்கள். கொஞ்சம் விசாரித்தால் வேறு கதை வரும். ஒரு கிழமை மழை, அடுத்த கிழமை கலியாண வீடு, அதற்குள் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. இந்த மெஷினுக்குத் தேவை தவணை தவறாத ஆள். கிழமைக்கு ஒருக்கால் வெட்டுபவருக்கு அதைப்போல நல்ல சாமான் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெட்டுபவருக்கு அது வெறும் இரும்பு. மற்ற மெஷின்களோடு அதை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வெட்டும் விதம்

ரீல் மோவர் செய்வது கத்தரிக்கோலின் வேலை. சில்லு உருளும்போது பல்சக்கரம் உள்ளிருக்கும் உருளையைச் சுழற்றும். உருளையில் இருக்கும் ஐந்து அல்லது ஏழு அலகுகள், அடியில் அசையாமல் கிடக்கும் தட்டை அலகை ஒட்டிக்கொண்டு போகும். நடுவில் அகப்படும் புல் நறுக்கென்று அறும். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் இதற்குக் காப்புரிமை எடுத்தார். கம்பளித் துணியில் எழும் பிசிறைச் செதுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது. கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியிருக்கும் ‘கிறீன்’ புல்லை இன்றைக்கும் வெட்டுவது இதே வகை அலகுதான். அங்கே மோட்டர் பூட்டியிருப்பார்கள், அவ்வளவே.

பெற்றோல், பற்றறி இரண்டும் வேறு சாதி. ஒற்றை அலகு நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று அளவில் சுழன்று, வேகத்தால் புல்லை அடித்து அறுக்கும். அலகு கூராக இருந்தால் அதிலும் பெரிய குறை இல்லை. மழுங்கினால் நுனி கிழிந்து, இரண்டொரு நாளில் காய்ந்து வெளிறும். வீதியில் நின்று பார்த்தால் பச்சைக்கு மேல் சாம்பல் பூசியதுபோல ஒரு நிறம். ஸ்காபரோவில் வருசக்கணக்காக அலகு தீட்டாமல் ஓடும் மெஷின்களுக்குக் குறைவில்லை. மழுங்கிய ரீல் வெட்டாது, அதனால் தீட்டியே ஆகவேண்டும். மழுங்கிய சுழல் அலகு எப்படியோ வெட்டிக்கொண்டே போகும், அதனால் ஒருவரும் தீட்டுவதில்லை. ரீல் வெட்டிய நுனியில் காயம் நேராக இருப்பதால் ஈரம் இழப்பதும் குறைவு, பூஞ்சணம் புகும் வழியும் குறுகும்.

வெட்டின் தரத்தைப் பொறுத்தவரை ரீலுக்கே முதலிடம். வேறு எதுவும் கிட்ட வராது.

ஆனால் இது ஒன்ராறியோப் புல்

இணையத்தில் ரீல் மோவரைப் புகழ்ந்து எழுதும் பலர் ஃபுளோரிடா, டெக்சஸ் பக்கத்து ஆட்கள். அங்கே இருப்பது பெர்முடா, சொய்சியா போன்ற சூட்டுப் புல். ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்கு ஒட்ட வெட்டினாலும் அது தாங்கும். ரீல் அந்த உயரத்தில்தான் ராசா. எங்கள் முற்றங்களில் இருப்பது கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்கியூ, ரைகிராஸ் எல்லாம் கலந்த குளிர்ப் புல். இதை இரண்டரை முதல் மூன்றரை அங்குலத்தில் விட்டால்தான் ஜூலை வெயிலில் வேர் காயாமல் நிற்கும், மண்ணில் நிழல் விழுந்து கிராப்கிராஸ் என்ற களையின் விதையும் முளைக்கத் தயங்கும்.

மலிவான ரீல் மோவர்கள் சில இரண்டேகால், இரண்டரை அங்குலத்தோடு நின்றுவிடும். சில மூன்று அங்குலம் வரை போகும். ஃபிஸ்கார்ஸ் போன்ற நிறுவனங்களின் உயர்ந்த விலை மொடல்களில் நாலு அங்குலம் வரை உயர்த்தலாம். ஆகவே கடையில் அலகின் எண்ணிக்கை, வெட்டும் அகலம் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது அதிகபட்ச வெட்டு உயரம். அது மூன்றுக்குக் குறைந்தால் இந்த ஊருக்கு அந்த மெஷின் தோதுப்படாது. சூழலுக்கு நல்லது என்று வாங்கி, புல்லை மொட்டையடித்து, பிறகு அதைப் பிழைக்கவைக்கத் தண்ணீரும் உரமும் கொட்டினால் என்ன லாபம்?

அடுத்த சிக்கல் மே மாதம். குளிர்ப் புல் ஒரு வருசத்து ஆவேசத்தை மேயிலும் ஜூன் தொடக்கத்திலும் காட்டும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது பொதுவிதி. மூன்று அங்குலத்தில் வைத்திருக்க வேண்டுமானால் நாலரைக்கு வரும்போதே வெட்டியாகவேண்டும். மேயில் அதற்கு ஒரு கிழமை போதும், உரம் போட்ட முற்றமானால் அதுவும் தேவையில்லை. விட்டுவிட்டால், நீண்ட புல்லை ரீல் வெட்டுவதற்கு முன் சாய்த்துவிடும், பாதி நிமிர்ந்து பாதி படுத்துத் தரை அலங்கோலமாகும். ரொறன்ரோ நகரசபையின் விதிப்படி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் போனால்தான் குற்றம். அந்த எட்டு அங்குலம் வருவதற்கு எவ்வளவோ முன்பே ரீல் கையை விரித்துவிடும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: டான்டிலயன் என்ற மஞ்சள் பூக் களை. 2009 ஏப்ரலில் இருந்து ஒன்ராறியோவில் அழகுக்காகக் களைகொல்லி அடிப்பது தடை. நல்ல சட்டம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் முற்றங்களில் டான்டிலயனும் வாழையிலை வடிவத்துப் பிளான்ரெயினும் பெருகிவிட்டன. இவற்றின் பூந்தண்டு ஒல்லியாய், நீளமாய், வளையக்கூடியதாய் இருக்கும். ரீல் மேலே போகும்போது தண்டு பணிவாகக் குனியும், மெஷின் தாண்டியதும் நிமிர்ந்து நிற்கும். சுழல் அலகு காற்றை மேலே இழுப்பதால் அதே தண்டு எழும்பி வந்து வெட்டுப்படும். களை நிறைந்த முற்றத்தில் ரீல் தள்ளப்போகிறவர் ஒரு கையில் களை பிடுங்கும் கருவியும் வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் வெட்டி முடித்த பிறகும் மஞ்சள் தலைகள் ஆடிக்கொண்டிருக்கும்.

மேப்பிள் மரம் நிற்கும் வீட்டில் குச்சியும் பார்க்கவேண்டும். பென்சில் பருமன் போதும், உருளை சடாரென்று நிற்கும், கைப்பிடி வயிற்றில் இடிக்கும். குச்சியைக் கையால் இழுக்காதீர்கள். அடைப்பு விட்டதும் உருளை கொஞ்சம் சுழலும், விரல் அங்கே இருக்கும்.

பெற்றோல் மெஷின்: புகையின் கணக்கு

கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. வர்த்தகப் புல்வெட்டி ஒன்றை ஒரு மணிநேரம் ஓட்டினால், புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு, 2017 மொடல் டொயோட்டா கம்ரியை ஏறத்தாழ 300 மைல் ஓட்டினால் வருமளவுக்கு வரும். அந்த மாநிலத்தில் 2021இல் கொண்டுவந்த சட்டத்தால், 2024 மொடலில் இருந்து புதிய சிறு பெற்றோல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றை விற்க முடியாது.

இந்த 300 மைல் கணக்கைப் பலர் கரியமில வாயுவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஹைட்ரோகாபனும் நைட்ரஜன் ஒக்சைட்டும் சேர்ந்த கணக்கு. காரில் அவற்றைக் கேடு குறைந்த வாயுக்களாக மாற்றும் வினையூக்கி மாற்றி (கற்றலிற்றிக் கொன்வேட்டர்) இருக்கிறது, சாதாரணப் புல்வெட்டியில் இல்லை, அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். கரியமிலத்தைப் பார்ப்போம். ஒரு தடவைக்கு அரை லீற்றர், வருசத்துக்கு இருபத்தைந்து தடவை என்று வைத்தால் பன்னிரண்டரை லீற்றர். லீற்றருக்கு 2.3 கிலோ வீதம் முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கொறொல்லாவின் ராங்கில் கால்வாசி எரிபொருள். பூமியைக் காப்பாற்றப் பெற்றோல் மெஷினை விடுகிறேன் என்பவர் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியிருப்பார்.

அப்படியானால் ஏன் விடவேண்டும்? மூச்சுக்காக. தள்ளுகிறவரின் முகத்துக்கு நேரே, குழந்தைகள் விளையாடும் முற்றத்தில்தான் அந்தப் புகை வருகிறது. சத்தமும் 90 டெசிபல் அளவில். காது கேட்க முடியாத இரைச்சலில் வேலைசெய்துவிட்டு வந்து பின்னேரம் திரும்ப அதையே கேட்கவேண்டுமா? குளிர்காலத்துக்கு முன் ராங்கை வடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பழைய பெற்றோல் காபுரேற்றரில் பிசினாகிப் பிடித்து, மே மாதம் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். எண்ணெய், பிளக், காற்று வடி என்று வேறு வேலைகள். அரை ஏக்கர் இருந்தால் பெற்றோலைப் பற்றிப் பேசலாம். மார்க்கம் டவுன்ஹவுஸின் முன்பக்கத்துக்கு அது தேவையே இல்லை என்பது என் முடிவு.

பற்றறி

ரீலின் உண்மையான போட்டியாளர் இதுதான். நீண்டதையும் வெட்டும், டான்டிலயனையும் வெட்டும், ஒக்ரோபரில் விழும் மேப்பிள் இலையைப் பொடியாக்கிப் புல்லுக்கே உரமாக்கும். இந்தக் கடைசி வேலையை ரீலால் செய்யவே முடியாது, இலைக்குத் தனியாக ரேக் எடுக்கவேண்டும். இரைச்சல் பெற்றோலைவிட நன்றாகக் குறைவு.

ஒன்ராறியோவில் பற்றறிக்கு இன்னொரு சாதகம். 2014இல் இந்த மாகாணம் கடைசி நிலக்கரி நிலையத்தையும் மூடியது. மின்சாரத்தில் பாதியளவு அணு உலையில் இருந்தும், கணிசமான பங்கு நீர்மின் நிலையங்களில் இருந்தும் வருகிறது. 56 வோல்ட், 5 அம்பியர்-மணிப் பற்றறி ஒன்றை நிரப்ப ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. இரவு மலிவு நேரத்தில் ஏற்றினால் சில சதங்கள்.

குறை பற்றறியின் விலையில். நாலைந்து வருசத்தில் அது களைத்தால் புதிதுக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு புது ரீல் மோவரே வாங்கலாம். ஒரு நிறுவனத்தின் பற்றறி மற்றதன் மெஷினில் பொருந்தாது, ஒன்றை எடுத்தால் ட்ரிம்மர், புளோவர் எல்லாம் அந்த வீட்டுச் சம்பந்தம்தான். உறையும் குளிரில் கராஜில் விடாமல் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டும்.

வயர் வைத்த மின்சார மெஷின் மலிவு, பாரம் குறைவு. வயரை வெட்டாமல் வெட்டத் தெரிந்தவர் வாங்கலாம். காசு கொடுத்து ஆள் பிடிப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. வருகிறவர் பெற்றோலோடுதான் வருவார்.

எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்?

உழைப்பைப் பற்றிய பயம் அளவுக்கு மிஞ்சியது. 1000 சதுர அடிப் புல்லை 18 அங்குல மெஷினால் வெட்ட, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிப்போவதையும் சேர்த்தால் நடக்கும் தூரம் கால் கிலோமீற்றர். குறுக்கே இன்னொரு தரம் போனாலும் அரைக் கிலோமீற்றர். மார்க்கம், பிரம்ப்ரன் பக்கத்துப் புது வீடுகளில் முன்னும் பின்னும் சேர்த்தே இவ்வளவுதான் வரும், அதிலும் பாதியை மிளகாயும் கத்தரியும் பிடித்திருக்கும். ஸ்காபரோவின் பழைய பங்களா வளவுகளில் 4000 சதுர அடி இருந்தால் ஒரு தரத்துக்கே ஒரு கிலோமீற்றர், குறுக்கேயும் தள்ளினால் இரண்டு. அங்கே நான் ரீலைச் சொல்லமாட்டேன். மேடு பள்ளமான தரையிலும் சொல்லமாட்டேன், சில்லு குழியில் இறங்கும்போது உருளை மண்ணைச் சுரண்டும்.

இரவு வேலை முடித்து விடியற்காலை வருகிறவருக்கு ரீலில் ஒரு சொகுசு உண்டு. ஒருவரையும் எழுப்பாமல், பனி உலர்ந்த கையோடு வெட்டிவிட்டுப் போய்ப் படுக்கலாம். ஊரில் இருந்து வந்து நிற்கும் அப்பாமாரும் இதை விரும்பித் தள்ளுவார்கள், கயிறும் இல்லை, பட்டனும் இல்லை. வேலியோரம் மட்டும் மிஞ்சும். சில்லு வெளியே இருப்பதால் இரண்டு மூன்று அங்குலம் வெட்டுப்படாது. அதற்கு ட்ரிம்மர் வேண்டும், அல்லது கையால் நறுக்கவேண்டும்.

வெட்டிய புல்லை அள்ளாதீர்கள். எந்த மெஷின் ஆனாலும் சரி. ரொறன்ரோ நகரசபை அதை எடுப்பதும் இல்லை. தரையிலேயே விட்டால் நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பும், உரச் செலவு குறையும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு

சிறிய, மட்டமான முற்றமும் கிழமை தவறாத பழக்கமும் இருந்தால் ரீல். முற்றம் சிறிதானாலும் கிழமைகள் கைமீறிப் போகும் வீடானால் பற்றறி. ரீல் என்று முடிவெடுத்தால் புதிதுதான் வேண்டும் என்று இல்லை. ஜூன் கடைசியில் கராஜ் விற்பனைகளில் அரை விலைக்குக் குறைவாகவே கிடைக்கும், மேலே சொன்ன ஆட்கள் விற்கிறார்கள்.

போகும்போது ஒரு பழைய பத்திரிகையும் தடித்த கையுறையும் கொண்டுபோங்கள். உருளைக்கும் அடி அலகுக்கும் நடுவில் கடதாசித் துண்டை நுழைத்து, கையுறையோடு மெல்லச் சுற்றுங்கள். இடப்பக்கம், நடு, வலப்பக்கம் மூன்று இடத்திலும் கடதாசி நறுக்கென்று அறுந்தால் மெஷின் சரி. ஒரு பக்கம் மட்டும் அறுந்தால் அடி அலகின் இரண்டு கரையிலும் இருக்கும் திருகாணிகளை முறுக்கிச் சரிக்கட்டலாம். எல்லா இடத்திலும் மடிந்தால் மழுங்கல். அரைக்கும் பசையை அலகில் பூசி, சில்லைக் கழற்றிக் கைப்பிடி மாட்டி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் கூர் திரும்பும். அதற்கான பெட்டி தனியாக விற்கிறது, ஒரு பின்னேர வேலை. மேலோட்டமான துருவுக்குப் பயப்படவேண்டாம். அடி அலகு வளைந்திருந்தால் சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள்.