பெயர் மாற்றும் முன் டிரேட்மார்க் தேடல்: சிறு ஸ்டூடியோக்களுக்கான மதிப்புரை

வணிகப் பெயர்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தின் ‘ஐபி இந்தியா’ தளத்தில் உள்ள டிரேட்மார்க் (வணிகக் குறி) தேடலைப் பெரும்பாலோர் கடைசியில்தான் திறக்கிறார்கள். அதற்குள் புதுப் பெயர் முடிவாகி, லோகோ வரைந்து, போர்டுக்கு அட்வான்ஸும் போயிருக்கும். போட்டோ ஸ்டூடியோ, டிசைன் அலுவலகம், கைவினை நகைக்கடை நடத்துபவர்களுக்கு இதன் பெரிய பயன் அதற்கு முந்தையது: இப்போதுள்ள பெயரை மாற்றத்தான் வேண்டுமா என்பதை இது காட்டிக்கொடுக்கும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

முதலில் தேட வேண்டியது உங்கள் பழைய பெயரை. வகுப்பு எண், அதாவது தொழில் அல்லது பொருளின் வகையைக் குறிக்கும் எண், இல்லாமல் தளம் தேடாது, அதுவும் ஒரு நேரத்தில் ஒரு வகுப்புதான். போட்டோ எடுத்துத் தருவது 41, கிராபிக் டிசைன் 42, அழைப்பிதழ் போன்ற அச்சுப் பொருள்கள் 16, நகை 14, ஆடை 25. கல்யாண போட்டோவோடு அழைப்பிதழும் விற்கும் ஸ்டூடியோ 41-ஐ மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ‘யாழ்’ என்பதை ஆங்கில எழுத்தில் ஒரு ‘ஏ’ போட்டும் எழுதுவார்கள், இரண்டு போட்டும் எழுதுவார்கள். கடைசி எழுத்து ‘இசட்எச்’ ஆக இருக்கலாம், வெறும் ‘இசட்’ அல்லது ‘எல்’ ஆகவும் இருக்கலாம். அத்தனையையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பதிவாளர் எழுத்தை மட்டுமல்ல, காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறதா என்றும் பார்ப்பார். ‘ஸ்டார்ட்ஸ் வித்’ (இப்படித் தொடங்கும் பெயர்கள்) வைத்துத் தேடினால் முன்னால் ‘ஸ்ரீ’, ‘தி’ சேர்ந்த பெயர்கள் தப்பிவிடும், ‘கன்டெய்ன்ஸ்’ (இதை உள்ளடக்கிய பெயர்கள்) போடுங்கள். ஒலியை வைத்துத் தேடும் ‘போனடிக்’ தேடலும் இருக்கிறது, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

கிடைக்கும் பட்டியலில் ஒவ்வொரு பெயரின் நிலையையும் படியுங்கள். ‘ரிஜிஸ்டர்ட்’ என்றால் தெளிவு. ‘அப்ஜெக்டட்’ (பதிவாளர் ஆட்சேபித்தது) என்றால் விண்ணப்பம் உயிரோடுதான் இருக்கிறது, அலட்சியம் வேண்டாம். புதுப்பிக்காததால் ‘ரிமூவ்ட்’ (நீக்கப்பட்டது) ஆன பெயருக்கும் பொதுவாக ஓராண்டு வரை புது விண்ணப்பத்தைத் தடுக்கும் வலு உண்டு. ‘அபேண்டன்ட்’ (விண்ணப்பம் கைவிடப்பட்டது) என்றிருந்தாலும் அந்தக் கடை அதே பெயரில் வியாபாரம் செய்துகொண்டிருக்கலாம்.

உங்கள் வகுப்பிலேயே ஒத்த பெயரை இன்னொருவர் பதிந்திருந்தால் உடனே போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. அவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், விண்ணப்பித்த நாள் இரண்டில் எது முந்தையதோ அதற்கும் முன்பிருந்தே நீங்கள் விடாமல் பயன்படுத்தி வந்தால், 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆவது பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். தேதி போட்ட பழைய பில் புத்தகம்தான் அதற்குச் சாட்சி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சாட்சி இல்லையென்றால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை.

மாற்ற வேண்டிய இன்னொரு சூழ்நிலை, பெயரே செய்யும் வேலையைச் சொல்லிவிடுவது. ஊர் பெயரோடு ‘பேபி போட்டோகிராபி’ என்று சேர்த்து வைத்தால் அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவில் ஆட்சேபம் வர நிறைய வாய்ப்பு. வருமானத்தில் பெரும்பகுதி கல்யாண வேலையிலிருந்து வரத் தொடங்கியதும் அந்தப் பெயர் வாடிக்கையாளரையும் குழப்பும்.

லோகோ மட்டும் பழசாகத் தெரிகிறதா? லோகோவை மாற்றுங்கள், பெயரைத் தொடாதீர்கள். புதுப் பெயர் வைத்தால் ‘இந்த ஆண்டிலிருந்து பயன்படுத்துகிறோம்’ என்ற மூப்பு பூஜ்யத்தில் தொடங்கும். சலிப்பு வந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுக்கொடுப்பது நஷ்டம்.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவத்தில். ஆன்லைனில் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் வகுப்புக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் இணையுங்கள். லோகோவாக இல்லாமல் வெறும் சொல்லாகப் பதிவு செய்வதே நல்லது. லோகோவை மட்டும் பதிந்தவர்கள் அதைக் கணிசமாக மாற்றினால் பழைய பதிவைத் திருத்த முடியாது, புது விண்ணப்பம், புதுக் கட்டணம். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள பெயரென்றால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் வேண்டும். போர்டு அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்: பதிவு கிடைத்தால் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கு. அதுவரை ‘டிஎம்’ குறி போடலாம். பதிவானதைக் காட்டும், வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியை அதற்கு முன் போடுவது குற்றம்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகு. பதிவாளரிடமிருந்து ஆய்வு அறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடலாம். டிரேட்மார்க் ஜர்னலில் வெளியானபின் 4 மாதம் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான காலம். பதிவு 10 ஆண்டு செல்லும்.

தளத்தின் பெரிய குறை, பதிவுக்கே போகாத பெயர்கள் இதில் வராது. பக்கத்துத் தெருவில் அதே பெயரில் பத்து வருடமாக ஒரு ஸ்டூடியோ ஓடினாலும் தேடல் முடிவு காலியாகத்தான் இருக்கும். ஆகவே கூகுள் மேப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் அதே எழுத்து வேறுபாடுகளோடு தேடுங்கள். நிறுவனப் பெயர்களை எம்சிஏ (மத்திய நிறுவன விவகார அமைச்சகம்) தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். மாற்றியது உறுதியானால் ஜிஎஸ்டி பதிவிலும் 15 நாளுக்குள் திருத்தம் கொடுத்துவிடுங்கள்.