கருப்பனைப் படம் எடுத்ததற்கு அன்று 600 ரூபாய், இன்று 1,800: எது சரியான ரேட்?

எங்கள் வீட்டு நாய் கருப்பனுக்கு வயது 12. நாட்டு நாய், பேருக்கேற்ற நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளைப் பொட்டு. முகவாய் நரைத்துவிட்டது, கண்ணில் லேசாக நீலம் பூத்திருக்கிறது. இவனுக்கு உருப்படியாக ஒரு படம் இல்லையே என்று அம்மா நாலைந்து மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். போனில் எடுத்தால் கறுப்பாக ஒரு உருவம், அதில் இரண்டு கண் மட்டும் பளபளக்கும், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எனக்கு ஃப்ளெக்ஸ், டிடிபி கடை. கடைக்கு வந்த ஒருவர்தான் சொன்னார், காவேரிப்பட்டணத்தில் ஒரு பெண் சனி, ஞாயிறுகளில் நாய், பூனை, காளை எல்லாம் படம் எடுக்கிறார் என்று. வார நாட்களில் ஓர் ஆபீசில் கணக்கு வேலை, படம் எடுப்பது ஆசைக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். இரண்டு தடவை அவரை வைத்துப் படம் எடுத்தாயிற்று, முதலில் கருப்பனை, அப்புறம் மச்சான் வீட்டுக் காளையை. இரண்டுக்கும் நடுவில் அவர் ரேட் மூன்று மடங்கு ஏறியது. அந்த ரேட்டைப் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் படம் எப்படி இருந்தது என்பதோடு காசு விஷயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு வந்தார். ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு, பின்னால் சித்தப்பாவின் மாந்தோப்பு, பூராவும் பெங்களூரா மரம். வந்தவர் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, இவன் எதைக் கண்டால் பயப்படுவான், எதைக் கொடுத்தால் வருவான், யார் குரலுக்குத் திரும்புவான் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வெடிச் சத்தம் ஆகாது, வேகவைத்த ஈரல் என்றால் உயிர் என்று அம்மா சொன்னார். அப்புறம் இருபது நிமிடம் சும்மா தரையில் உட்கார்ந்திருந்தார். கருப்பன் சுற்றிச் சுற்றி வந்து பையை மோந்து, லென்ஸ் மூடியை மோந்து, கடைசியில் அவர் முழங்காலில் முகவாயை வைத்தான். அதற்கப்புறம்தான் கேமரா வெளியே வந்தது, அதுவும் ஷட்டர் சத்தம் குறைவாக வரும் மோடில். கோணிச் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, கருப்பன் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கி, அம்மாவைத் தன் தலைக்குப் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னார். "கருப்பா, சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிட்டதும் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தான். அந்தப் படம்தான் இப்போது கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

கறுப்பு நாயை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபிரேம் நிறையக் கறுப்பு இருந்தால் வெளிச்சம் பத்தவில்லை என்று கேமரா நினைத்துக்கொண்டு படத்தை வெளுக்க வைத்துவிடும், கறுப்பு நாய் சாம்பல் நாயாகிவிடும். இவர் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, கொஞ்சம் மைனஸில் இறக்கி வைத்து எடுக்கிறார். வெள்ளை மாடு என்றால் நேர்மாறாகப் பிளஸ். ஃப்ளாஷ் போடவே மாட்டேன் என்கிறார். நாய், பூனை, மாடு எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற படலம் ஒன்று இருக்கிறது, ஃப்ளாஷ் அடித்தால் கண் பச்சையாக, மஞ்சளாக எரிகிற மாதிரி விழும், வயசான நாய் மிரளவும் மிரளும்.

எல்லாம் முடிந்து காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது எவ்வளவும்மா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்ணா, தோணுறதைக் குடுங்க" என்றார். சட்டைப் பையில் 600 ரூபாய் இருந்தது, கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்தாம் நாள் 15 படம் பென்டிரைவில் வந்தது, கூடவே 12-க்கு 18 சைஸில் ஒரு பிரிண்ட், லேமினேஷன் போட்டு. வெயில் பட்ட இடத்தில் ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, அந்த ரூபாய்க் காசுப் பொட்டு கூடத் துல்லியமாக இருந்தது. நானும் பிரிண்ட் தொழிலில் இருப்பவன், இந்தப் பிரிண்டுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 600 ரூபாய் கொடுத்தது அப்போதுதான் உறுத்த ஆரம்பித்தது.

அடுத்த சனிக்கிழமை அவரைக் கடைக்கு வரச்சொல்லி, வெட்டிப்போட்ட ஃப்ளெக்ஸ் துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அன்றைக்கு அவர் 412 கிளிக் எடுத்திருக்கிறார். கேமரா பாடி 50,000 ரூபாய், அதன் ஷட்டருக்குச் சொல்லும் ஆயுள் ஒரு லட்சம் கிளிக், ஆகக் கிளிக்குக்கு 50 பைசா தேய்மானம், அதிலேயே 206 ரூபாய். போக வர 25 கிலோமீட்டர், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் 55. பிரிண்ட், லேமினேஷன் 180. மொத்தம் 441. லென்ஸ், பேட்டரி, மெமரி கார்டு எதையும் நாங்கள் சேர்க்கவே இல்லை. 600-இல் மிச்சம் 159 ரூபாய். எடுத்தது இரண்டு மணி நேரம், வண்டியில் முக்கால் மணி, 412 படத்தில் இருந்து பொறுக்கி 15 படத்தைத் திருத்த நாலு மணிக்கு மேல், ஆக ஏழு மணி நேரம். மணிக்கு 23 ரூபாய்கூட முழுதாக வரவில்லை! அவரும் கணக்குப் பார்க்கிற பெண்தான், ஆனால் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

"ஆசைக்குத்தானேண்ணா பண்றேன், எனக்குச் சம்பளம் வருதே" என்றார். பொழுதுபோக்காக எடுப்பவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான், இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடை வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம் கட்டி ஸ்டுடியோ நடத்துகிறவர் இதே வேலைக்கு 2,500, 3,000 கேட்டால், "அங்க ஒரு பொண்ணு 600-க்கு எடுத்துக் குடுக்குதே" என்று நாளைக்கு அவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். நமக்குச் சம்பளம் இருக்கிறது என்பதற்காக இன்னொருத்தர் சோற்றில் கை வைக்கக் கூடாது. வேண்டுமானால் இலவசமாக எடு, அது உதவி, அதை யாரும் ரேட்டாகப் பேச மாட்டார்கள். சொந்தக்காரர், சிநேகிதர் என்றாலும் அப்படித்தான், சும்மா எடுத்துக் கொடு அல்லது முழு ரேட் வாங்கு, பாதி ரேட் மட்டும் வேண்டாம், ஏனென்றால் வாய்வழியாகப் பரவுவது அந்தப் பாதி ரேட்தான், அப்புறம் அதுதான் உன் ரேட்.

'உங்க இஷ்டம்' என்பது கொடுக்கிறவனுக்கும் கஷ்டம். குறைத்துக் கொடுத்தோமோ, கூடக் கொடுத்தோமோ என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த தடவை கூப்பிடவே கூச்சமாக இருக்கும். நேர்ந்த விபரீதம் ஒன்றும் உண்டு. நாய் தீனி விற்கிற ஒரு கடை, இவர் சும்மா எடுத்துக் கொடுத்த ஒரு நாய்க்குட்டி படத்தைக் கேட்காமலே போர்டில் போட்டுக்கொண்டது. கேட்டதற்கு, காசு ஒன்றும் பேசவில்லையே என்றார்களாம்.

இப்போது அவர் வைத்திருக்கும் ரேட் இது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் ஒரு பிராணிக்கு 1,800 ரூபாய், இரண்டாவது இருந்தால் 400 கூட. அதில் 15 படம், 12-க்கு 18 பிரிண்ட் ஒன்று. தூரமாக இருந்தால் பெட்ரோல் தனி. 500 முன்பணம், மீதி படம் கொடுக்கும்போது. கடை போர்டு, விளம்பரம் என்றால் 1,000 தனி, வீட்டு விசேஷ பேனருக்குக் கிடையாது. புக் பண்ணும்போதே இத்தனையும் ஒரே மெசேஜாக வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தெருநாய்க்கும் குட்டிக்கும் வீடு தேடுகிறவர்கள் கேட்டால் மாதத்தில் ஒரு ஞாயிறு இலவசம், அதையும் அதே மெசேஜில் போட்டிருக்கிறார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. 1,800-இல் செலவு போக மணிக்கு 190 ரூபாய் சொச்சம் நிற்கிறது. ஸ்டுடியோ ரேட்டை விடக் குறைவு, ஆனால் இவரிடம் லைட் கிடையாது, பேக்டிராப் கிடையாது, படம் வர இரண்டு வாரம் ஆகும், அதனால் அந்த வித்தியாசம் நியாயம். ஜிஎஸ்டி கட்டணுமா என்று கேட்டார். சேவை வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை, ஆனால் வருமான வரிக் கணக்கில் இதையும் காட்டிவிடு என்றேன்.

இந்த ரேட்டில் நான் எடுக்கச் சொன்னதுதான் காளைப் படம். வேப்பனப்பள்ளிப் பக்கம் மச்சான் வீடு, பொங்கலை ஒட்டி எருது விடும் விழாவுக்குப் பேனர் போட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் காளை வைத்திருப்பவர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை மாதிரி, அதன் பேனருக்கு வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி நசுங்கி வந்த படத்தைக் கொண்டுவந்து பத்தடியில் பெரிதாக்கச் சொல்வார்கள், நான் வருஷாவருஷம் படும் பாடு அது. இவர் காலை ஆறரைக்கே வந்துவிட்டார், வெயில் ஏறினால் வெள்ளைக் காளையின் முதுகு வெந்து வெளுத்துவிடும், திமிலின் மடிப்பு தெரியாது என்று. கொம்புக்குப் பெயிண்ட், கழுத்துக்குச் சலங்கை எல்லாம் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். மூக்கணாங்கயிற்றை மச்சான் பிடித்திருக்க, பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, காளை தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கண்ணில்தான் ஃபோகஸ். படத்தை டாக்குமெண்டாக அனுப்பினார், சுருங்காமல் 6,000 புள்ளி அகலம் அப்படியே வந்தது. பத்தடி பேனருக்கு அது அங்குலத்துக்கு 50 புள்ளி, தெருவில் நின்று பார்க்க தாராளம். என் கடையில் அடித்த காளை பேனர்களில் இவ்வளவு சுத்தமாக வந்தது இது ஒன்றுதான்.

காளைக்கும் நாய்க்கும் ஒரே ரேட் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. காளைக்கு மூன்று மணி நேரம் ஆனது, ஊர்ப் பையன்கள் எல்லோரும் கூட நின்று ஒரு படம் கேட்டார்கள், கொம்புக்கு எதிரே நிற்கிற ஆபத்தும் இருக்கிறது. 2,500 வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

குறையும் உண்டு. இரண்டு வாரம் என்று சொன்ன படங்கள் வர 19 நாள் ஆனது, பேனருக்கான ஒரே ஒரு படத்தை மட்டும் நான் விடாமல் கேட்டு முன்னதாக வாங்கினேன். ஆபீஸ் வேலை இருப்பதால் வார நாளில் போன் எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பூனையை ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததில் பாதிக்குப் பாதி ஆடிப்போயிருந்தது. மறு வாரம் பகலில் வந்து ஜன்னலோரம் வைத்துத் திரும்ப எடுத்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அதனால் வீட்டுக்குள் எடுக்க வேண்டும் என்றால் பகலிலேயே வரச்சொல்லுங்கள். நாய் வெளியாளைக் கண்டால் கடிக்குமா, கடிக்காதா என்பதையும் முன்கூட்டியே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள், தரையில் படுத்துக்கொண்டு எடுக்கிறவர் அவர்.

கருப்பனின் மீதிப் பணத்தை நான் கொடுக்கப் போனபோது, பழசு பழசுதான் என்று வாங்க மறுத்துவிட்டார். காளைக்கு முழு ரேட்டும் பெட்ரோல் 150-ம் கொடுத்தேன், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

தை மாத விழாவுக்குக் காளைப் படம் வேண்டும் என்பவர்கள் மார்கழி பிறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஒரு ஞாயிறு காலையில் ஒரு காளைக்கு மேல் எடுக்க மாட்டார்.