நெல்லை இருட்டுக்கடை அல்வா: சுவையும் பெயருக்கு நடந்த வழக்கும்

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில், நூறாண்டுப் பழமை கொண்ட இருட்டுக்கடையில் மாலை ஐந்தரை மணியளவில்தான் விற்பனை தொடங்குகிறது. சில மணி நேரத்திலேயே சரக்கு தீர்ந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே வரிசை நீண்டுவிடுகிறது. சம்பா கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய அல்வாவைச் சூடாக இலையில் வாங்கி அங்கேயே நின்று உண்பதே முறை. விரலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கும் பதம் அதற்கு இருக்கிறது. திகட்டுவதற்கு முன் கோதுமையின் மணம் தெரிகிறது. நெய் இலை நரம்புகளில் தேங்கி நிற்கிறது. இந்தப் பதத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

மங்கிய விளக்கொளியில் வியாபாரம் நடந்ததால் வாடிக்கையாளர்களே சூட்டிய பெயர் இது. பெரிய பலகையோ விளம்பரமோ இல்லாமல் வாய்மொழியாகவே பரவிய இந்தப் பெயர் சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2015இல் முடிவுக்கு வந்தது. ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று விற்ற எதிர்த்தரப்பினரும் தம் பெயரை முறையாகப் பதிவு செய்திருந்ததுதான் வழக்கின் சிக்கல். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999இன் 28(3)ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற ஒருவர்மீது பதிவு பெற்ற மற்றொருவர் வணிகச் சின்ன மீறல் வழக்குத் தொடுத்து வெல்வது கடினம். ஆனால், ஒருவர் தம் சரக்கைப் பிறருடைய சரக்குபோல் காட்டி விற்பதைத் தடுக்கும் ‘பாஸிங் ஆஃப்’ உரிமையை 27(2)ஆம் பிரிவு தனியாகக் காத்து வைத்திருக்கிறது. முதலில் பயன்படுத்தி நற்பெயர் ஈட்டியவரின் உரிமை பின்னால் வந்த பதிவைவிட மேலானது என்று கூறிய நீதிமன்றம், பழைய கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முன்னால் ‘திருநெல்வேலி’ என்று சேர்த்துக்கொள்வதால் பெயர் வேறாகிவிடாது என்பதே என் கருத்தும். ஊர்ப் பெயரை எவரும் சொல்லலாம், ஒரு கடை உழைத்துச் சேர்த்த பெயரை அப்படிச் சொல்ல முடியாது.

நேர்மையற்ற வணிகப் போட்டிக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. இத்தகைய வழக்குகளைப் பெரும்பாலும் பாஸிங் ஆஃப்தான் தாங்குகிறது. நற்பெயர் இருந்தது, மக்கள் ஏமாறும்படி பிறர் நடந்துகொண்டார், அதனால் இழப்பு நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்ற மூன்றையும் வாதி மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தால் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்கீழ் உறுத்துக்கட்டளை, அதாவது தடையாணை, கிடைக்கும். நட்டஈடு அல்லது எதிரி ஈட்டிய இலாபத்தின் கணக்கு, இவ்விரண்டில் ஒன்றைக் கேட்கலாம். போலி லேபிள்களை ஒப்படைக்கவும் அழிக்கவும் உத்தரவு பெறலாம். நடைமுறையில் வியாபாரிக்கு உடனே கைகொடுப்பது இடைக்கால உறுத்துக்கட்டளைதான், ஏனென்றால் இறுதித் தீர்ப்பு வரும்வரை போலிப் பெயர் விற்றுக்கொண்டே இருந்தால் மீட்பதற்கு நற்பெயர் மிஞ்சாது.

இந்த உரிமை கடைக்காரருக்குரியது, வாங்குபவருக்கு அன்று. பேருந்து நிலையத்தருகே பெயர் தெரியாத ஒரு கடையில், ‘இருட்டு’ என்ற எழுத்துகளைப் பெரிதாகவும் மற்றவற்றைக் கண்ணுக்கெட்டாதபடி சிறிதாகவும் அச்சிட்ட அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே இருந்தது வெட்டினால் கத்தியில் கட்டியாக வரும், வனஸ்பதி வாடையடிக்கும் செம்பழுப்புத் துண்டு. இதற்காக என்னால் பாஸிங் ஆஃப் வழக்குத் தொடுக்க முடியாது. எனினும், வாங்குபவரை ஏமாற்றும் விற்பனை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(47)ஆம் பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறையாகலாம் என்பதால், இரசீதும் பெட்டியும் கையிலிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய பொருளுக்கான புகாருக்குக் கட்டணமும் இல்லை. வழக்கு வேண்டாம், நல்ல அல்வா போதும் என்பவர்கள் பெட்டியை நம்பாமல் மாலையில் கோயில் வாசலுக்கே செல்வது உத்தமம்.