அடியில் சிக்கும் நூலும் என் நாலு வருஷக் கோபமும்

போன வாரம் தையல் மெஷின் மெக்கானிக் வந்து போனார். கூலி 450 ரூபாய். செய்த வேலை, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கிற கேஸில் இருக்கும் பொடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தியது. அதை முறுக்கி முறுக்கிக் கெடுத்து வைத்தவள் நானே என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை. அன்றைக்கென்று பார்த்துத் தோழி போன் செய்கிறாள்: "உன் மெஷின் எப்படிடி இருக்கு? இப்ப விலை குறைச்சிருக்காங்க, வாங்கவா?"

மோட்டார் வைத்த, ஜிக்ஜாக் போடுகிற, முன்பக்கம் பாபின் மாட்டுகிற சாதாரண வீட்டு மெஷின். மற்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். எனக்கு இதோடு உள்ள வழக்கு ஒன்றே ஒன்றுதான். மேலே பார்த்தால் தையல் அழகாக ஓடியிருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் குருவிக்கூடு.

சிக்கு அடியில் இருக்கிறது, ஆகவே கோளாறும் அடியில்தான் என்று நினைத்தேன். ஸ்க்ரூவில் கை வைத்தது அப்படித்தான். உண்மையில் அடியில் வளையம் வளையமாகத் தொங்குவது மேல்நூல். மேலே கருப்பு, பாபினில் வெள்ளை போட்டு நாலு அங்குலம் தைத்துப் பாருங்கள், கூடு கருப்பாகத்தான் இருக்கும்.

கண்டுபிடித்தது என் மாமியார். நான் நூல் கோப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், "ஃபுட்டைத் தூக்காம நூல் போடுறியே, எங்கம்மா பிடிக்கும்?" என்றார். அவ்வளவுதான் விஷயம். துணியை அழுத்திப் பிடிக்கிற அந்த ஃபுட் மேலே இருக்கும்போது, மேல்நூலை இறுக்கும் டென்ஷன் தட்டு இரண்டும் விலகி நிற்கும், நூல் நடுவில் போய் உட்காரும். இறக்கினால் தட்டுகள் நூலைக் கவ்வும். இறக்கி வைத்துக்கொண்டே கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே சும்மா சவாரி செய்யும். பிடிமானமில்லாத நூல் எவ்வளவு வேண்டுமானாலும் கீழே இறங்கும்.

மாமியாரின் கால் மெஷினில் அந்தத் தட்டுகள் முகத்துக்கு நேரே துருத்திக்கொண்டு நிற்கும். நூல் உள்ளே போனதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். என்னுடையதில் அதை பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளித்து, ஒரு கீறலை மட்டும் விட்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்க அம்புக்குறியும் எண்ணும் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு "ஃபுட்டைத் தூக்கு" என்று ஒரு வரி அச்சடிக்க இடமில்லை. நியாயமாகச் சொன்னால், கூடவே வந்த புத்தகத்தில் அது இருக்கிறது. நான் படித்தது மெக்கானிக் போன பிறகு.

தெரிந்த பிறகும் அவசரத்தில் நூல் மாற்றினால் மறுபடி கூடுதான். அதனால் இப்போது ஒரு பழக்கம்: கோத்து முடித்ததும் ஃபுட்டை இறக்கி, ஊசிக்குப் பக்கத்தில் நூலை இழுத்துப் பார்ப்பேன். முறைத்துக்கொண்டு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் முதலிலிருந்து. தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்பக்கம் பிடித்துக்கொள்வேன், முதல் மூன்று தையல் வரைக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை. பனியன் துணியில் தையல் விட்டு விட்டுப் போனது, முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போட்டதும் நின்றது. ஒருமுறை சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போதும் விட்டது, அது ஊசியைத் திருப்பி மாட்டிய வினை. கால் மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் வரும், இதில் பின்னால் பார்க்க வேண்டும். பொத்தான் வைக்க, துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு ஏற்ற மறந்து, துணி நகரவில்லையே என்று அரைமணி நேரம் அழுத கதை வேண்டாம். அப்புறம் பாபின். இதற்கு பிளாஸ்டிக் பாபின். கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்த இரும்பு பாபினைப் போட்டு இரண்டு நாள் கடகடவென்று ஓட்டினேன். எல்லாம் ஒன்று இல்லை.

குறை சொல்லிக்கொண்டே போகிறேன், ஆனால் இந்த நாலு வருஷத்தில் மோட்டார் ஒருநாள் முரண்டு பிடித்ததில்லை. 16 நம்பர் ஊசி போட்டு, தடித்த இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றினால், ஜீன்ஸ் பேன்ட்டின் அடிமடிப்பைக்கூடத் தைத்துவிடும். ஒரு கையால் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிடலாம். பிசிறு வரும் துணி ஓரத்துக்கு அந்த ஜிக்ஜாக் இல்லாமல் இனி என்னால் முடியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்ப வாங்கவா, வேண்டாமா?" என்றாள் தோழி. வேண்டாம் என்றேன். தட்டு வெளியே தெரிகிற பழைய கால் மெஷின் கிடைத்தால் அதை வாங்கு, ஜிக்ஜாக் போட என் வீட்டுக்கு வந்துவிடு, இதை நான் யாருக்கும் விற்பதாக இல்லை. வரும்போது பாபின் மட்டும் உன்னோடதை எடுத்துக்கொண்டு வராதே.