வைனோவா, இல்மரியா?

பின்லாந்தில் பையனுக்குப் பழைய பெயர் வைக்கலாம் என்றால் வைனோ, இல்மரி இரண்டும் கட்டாயம் பேச்சில் வரும். இரண்டுமே ஃபின்னியர்களின் தேசியக் காப்பியமான கலேவலாவின் பெயர்கள்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் இரண்டும் அதைவிடப் பழையவை. எலியாஸ் லொன்ரோத் நாட்டார் பாடல்களைத் தொகுத்து கலேவலாவை வெளியிட்டது 1835இல், விரித்து வெளியிட்டது 1849இல். ஆனால் 1551லேயே மிக்கேல் அக்ரிகோலா என்ற பாதிரியார், பின்லாந்தின் ஹமே பகுதி மக்கள் கும்பிட்ட தெய்வங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். பாட்டுக் கட்டியவன் ஐனமொயினன், நல்ல வானிலை தந்து பயணிகளுக்கு வழிகாட்டியவன் இல்மரினன் என்று அதில் வருகிறது.

வைனோ என்பது கலேவலாவின் நாயகன் வைனாமொயினன் பெயரின் சுருக்கம், அக்ரிகோலா ஐனமொயினன் என்று எழுதியது இவனைத்தான். 'வைனா' என்றால் அகலமாக, மெதுவாக ஓடும் ஆறு. லாத்வியாவின் தௌகவா ஆற்றை ஃபின்னியர்கள் இன்றும் வைனாயோகி என்றுதான் சொல்கிறார்கள், எஸ்தோனிய மொழியில் 'வைன்' என்றால் நீரிணை. அழகான பொருள்தான், ஆனால் அந்த ஆற்றுப்பெயரை விட்டால் ஃபின்னிய மொழியின் அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் இல்லை, தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

இல்மரி அப்படியில்லை. 'இல்மா' என்றால் காற்று, வானிலை. இன்றைக்கு வெளியே மழையா வெயிலா என்று பேசும்போதுகூட அந்தச் சொல் வந்துவிடும். ஃபின்னிய மொழிக்கு உறவான வட சாமி மொழியில் அதன் உறவுச் சொல்லான 'அல்ப்மி'க்கு வானம் என்று பொருள், ரஷ்யாவில் வாழும் உத்முர்த் மக்களின் வானக் கடவுள் பெயரோ இன்மர். காப்பியத்தில் வானத்தையே அடித்துச் செய்த கொல்லன் இல்மரினன்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பெயருக்குள் எவ்வளவு பழைய உலகம் இருக்கிறது!

புழக்கத்தைப் பார்த்தால் வைனோவின் கை ஓங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுவீடிஷ் பெயர்களை விட்டுச் சொந்த மொழிப் பெயர்களைத் தேடிய காலத்தில் பரவிய பெயர் அது. 1926இல் பிரதமரான வைனோ தன்னரின் பெயர் அதுதான். அப்புறம் கொஞ்ச காலம் தாத்தாக்களின் பெயராகிப் போய், இப்போது குழந்தைகளுக்குத் திரும்ப வைக்கிறார்கள். முன்னாள் அதிபர் சௌலி நீனிஸ்தோவின் இரண்டாம் பெயர்கூட வைனாமோ.

இல்மரியைப் பெரும்பாலும் இரண்டாம் பெயராகத்தான் வைக்கிறார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற இல்மரி சல்மினனைப் போல அதை முதல் பெயராகவே கொண்டவர்களும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். வைனோ ஒன்றும் சளைத்ததில்லை, ஆனால் யாராவது என்னிடம் கேட்டால் இல்மரி என்றுதான் சொல்வேன், அதுவும் முதல் பெயராக.