மேக், விண்டோஸ், லினக்ஸ் ஒரே அலுவலகத்தில்: ஃபைல் எந்த வழியாகப் போகட்டும்?

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு டிடிபி சென்டரையோ புதுச்சேரி வெள்ளை நகரத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பவர் கையில் மேக் இருக்கும், கணக்கு பார்ப்பவரின் டேலி விண்டோஸில் ஓடும், மூலையில் பழைய மெஷின் ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே ரூட்டரில்தான் இருக்கின்றன. ஆனாலும் அடுத்த மேசைக்கு ஒரு ஃபைல் போகவேண்டுமென்றால் வாட்ஸ்அப்தான். பத்தடி தூரத்துக்கு ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது ஃபைல். படமாக அனுப்பினால் வழியில் சுருங்கியும் போகிறது.

தினசரி வேலைக்கு எஸ்எம்பி, அதாவது ஒரு கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க்கில் மற்றவற்றுக்குத் திறந்துவிடும் முறை, அதுவும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே கணினியில். இதுதான் இந்த அலசலின் தீர்ப்பு. மற்ற வழிகளுக்கும் அவற்றுக்கேற்ற நேரம் உண்டு.

எஸ்எம்பி: சர்வர் யார்?

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கூடவே வரும் வழி. லினக்ஸில் அதே வேலையைச் செய்வது சாம்பா. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-இல் தொடங்கியது. மேக்கும் 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதல் எஸ்எம்பி பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே மூன்றுக்கும் பொதுவாகப் புரியும் மொழி இதுதான். ஃபோல்டரை எந்த மெஷினில் வைப்பது என்பதில்தான் வித்தியாசமே.

விண்டோஸில் வைத்தால் தொடங்குவது சுலபம். ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். ஆனால் கதவுக்கு இரண்டு பூட்டு: ஷேர் பெர்மிஷன் ஒன்று, பக்கத்து டேபில் உள்ள செக்யூரிட்டி பெர்மிஷன் இன்னொன்று. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ‘எவ்ரிஒன்’ என்று போட்டு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்த பிறகும் ‘ஆக்சஸ் டினைட்’ வருகிறதென்றால் இரண்டாம் பூட்டைத் திறக்கவில்லை என்று அர்த்தம். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் யாரையும் உள்ளே விடாது, ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் பாஸ்வேர்டு. விண்டோஸை நான்கு இலக்க பின் போட்டுத் திறப்பவர், மேக்கில் அதே பின்னைத் தட்டிப் பார்ப்பார், எடுபடாது. நெட்வொர்க்கில் பின் செல்லாது, அக்கவுண்ட்டின் முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் என்றால் யூசர் நேம் உங்கள் மின்னஞ்சல் முகவரி. இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் பகிர்வுக்கென்று தனியாக ஒரு லோக்கல் அக்கவுண்ட் உண்டாக்கி, அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் எல்லா மெஷினிலும் கொடுங்கள்.

மேக்கில் வைப்பதானால் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் போய் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் மட்டும் போதாது. அதன் ஆப்ஷன்ஸுக்குள் விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்ற தலைப்பின் கீழ் உங்கள் அக்கவுண்ட்டுக்கு ஒரு டிக் போடவேண்டும். அந்த டிக் இல்லையென்றால் விண்டோஸிலிருந்து சரியான பாஸ்வேர்டைப் பத்து முறை தட்டினாலும் ‘தவறு’ என்றே வரும். மேக்புக் சர்வராக இருந்தால் மூடியைச் சாத்திவிட்டு முதலாளி சாப்பிடப் போனதும் அலுவலகமே நிற்கும். அதனால் மேக்புக் இந்த வேலைக்கு ஆகாது.

லினக்ஸில் முதல் நாள் அரை மணி நேரம் உட்காரவேண்டும். அப்புறம் தொந்தரவே இல்லை. சாம்பாவை நிறுவி, அதன் கான்ஃபிக் ஃபைலில் ஃபோல்டரின் பாதையும் பயனர் பெயரும் கொண்ட நான்கைந்து வரி சேர்த்தால் வேலை முடிந்தது. மூன்று விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது. லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டை சாம்பா எடுத்துக்கொள்ளாது. எஸ்எம்பி-பாஸ்வேர்டு (smbpasswd) கட்டளையால் தனியாகக் கொடுக்கவேண்டும். ஒருவர் சேமித்த ஃபைல் அடுத்தவருக்கு ‘ரீட் ஒன்லி’ ஆகத் திறந்தால் ஃபைல் உருவாகும்போது விழும் பெர்மிஷன்தான் காரணம். எல்லோரையும் ஒரே குரூப்பில் போட்டு, ஃபைலுக்கு 0664, ஃபோல்டருக்கு 2775 என்று மாஸ்க் கொடுங்கள். மேக் பயனர்கள் இருந்தால் ‘ஃப்ரூட்’ என்ற மாட்யூலையும் சேர்த்துவிடுங்கள். மேக்கின் கூடுதல் விவரங்கள் அப்போதுதான் ஒழுங்காகச் சேமிக்கப்படும். எழுதி முடித்ததும் டெஸ்ட்பார்ம் கட்டளையை ஓட்டினால் கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும்.

‘பாஸ்வேர்டு இல்லாமலே திறந்து விட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு நடந்தது, இப்போது நடக்காது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ மெஷின்களில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை மறுக்கிறது, கையொப்பமில்லாத இணைப்பையும் ஏற்பதில்லை. ரூட்டரின் யுஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க் செருகிப் பகிர்ந்தவர்களுக்குத் திடீரென்று கதவு அடைத்தது இதனால்தான். இணையத்தில் கிடைக்கும் வைத்தியம், பழைய எஸ்எம்பி-1ஐ மறுபடி ஆன் செய்வது. செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். பாஸ்வேர்டு வையுங்கள்; பழைய பெட்டிக்கு எஸ்எம்பி-1 தவிர வேறு தெரியாதென்றால் பெட்டியை மாற்றுங்கள்.

‘நேற்று வந்தது, இன்று காணோம்’ என்ற புகாரும் வரும். கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் சர்வருக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்திருக்கும். ரூட்டர் செட்டிங்கில் டிஎச்சிபி ரிசர்வேஷன் போட்டு 192.168.1.20 என்பது போல் ஒன்றை நிரந்தரமாக்கிவிடுங்கள். பிறகு நெட்வொர்க் ஐகானில் பெயர் தெரிகிறதா என்று தேடவே வேண்டாம். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி. மேக்கில் ஃபைண்டரில் கமாண்டும் கே-யும் அழுத்தி, எஸ்எம்பி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடு, அதன்பின் ஐபி.

வயரா, வைஃபையா

புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் சுவர்கள் நல்ல தடிமன். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டவே திணறும். சர்வருக்கும் கனமான ஃபைல் கையாளும் மெஷின்களுக்கும் வயர் இழுத்துவிடுவது நல்லது. கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 மெகாபைட் வரை கிடைக்கும். 10 ஜிபி இரண்டு நிமிடத்துக்குள் போய்ச் சேரும். அதே கேபிளில் எட்டு கம்பியில் ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். அப்போது விநாடிக்கு 11 மெகாபைட்தான். அதே 10 ஜிபிக்குக் கால் மணி நேரம். ‘சாம்பா ஸ்லோ’ என்று குறை சொல்லும் முன் விண்டோஸில் ஈதர்நெட் ஸ்டேட்டஸைத் திறந்து வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்றிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாக க்ரிம்ப் செய்யுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்துக் கிடப்பதும் உண்டு.

வயர் சரியாக இருந்தும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் ஊர்ந்துகொண்டுதான் போகும். ஒவ்வொன்றையும் திறக்க, மூட எனத் தனித்தனிப் பேச்சுவார்த்தை நடப்பதால் அப்படி. ஜிப் செய்து ஒன்றாக அனுப்புங்கள்.

மற்ற வழிகள்

என்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபோல்டர் பகிர்வு முறை லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவே அருமை. மூன்றும் கலந்த இடத்தில் தலைவலி: அது ஆளைப் பெயரால் அல்ல, எண்ணால் அடையாளம் காண்கிறது. முதல் பயனருக்கு உபுண்டு கொடுக்கும் எண் 1000, மேக் கொடுப்பது 501. விண்டோஸ் ஹோமில் என்எஃப்எஸ் கிளையன்ட்டே கிடையாது. விட்டுவிடலாம்.

எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான ஃபைல் பரிமாற்ற முறை வெளியூரிலிருந்து ஓரிரு ஃபைல் எடுக்க நல்லது. விண்டோஸில் வின்எஸ்சிபி இருந்தால் போதும். ஆனால் ஃபைலை இறக்கி, திருத்தி, ஏற்றவேண்டும். ஒரே ஃபைலை இரண்டு பேர் இறக்கினால் கடைசியாக ஏற்றியவரின் பதிப்புதான் நிற்கும்.

வாடிக்கையாளர் மடிக்கணினியோடு வந்து நிற்கிறார், ஒரே ஒரு பிடிஎஃப் வேண்டும் என்றால் லோக்கல்சென்ட் என்ற செயலி. மூன்று சிஸ்டத்திலும் ஃபோனிலும் ஓடும், அக்கவுண்ட் தேவையில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால், வந்தவர் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் மெஷின்கள் ஒன்றோடொன்று பேசாதபடி ரூட்டர் தடுத்து வைக்கும்.

கிளவுட் என்றால் கூகுள் டிரைவில் இலவசம் 15 ஜிபி, லினக்ஸுக்கு கூகுளின் சொந்த செயலி இல்லை. அதைவிடப் பெரிய குறை நம் கரையோரத்துக்கே உரியது. 2011 டிசம்பரில் ‘தானே’, 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ என்று புயல் கரையேறும் ஊர் இது. அப்படிப்பட்ட நாட்களில் முதலில் போவது கரண்ட், கூடவே இன்டர்நெட். உள்ளூர் சர்வரும் ஸ்விட்சும் இன்வெர்ட்டரில் ஓடினால் மடிக்கணினிகளில் வேலை நிற்காது.

கடலூரில் ஒரு கிளை, புதுச்சேரியில் ஒரு கிளை என்றால் சிங்திங் என்ற ஒத்திசைவுச் செயலி. இரு பக்கமும் நிறுவி, டிவைஸ் ஐடியைப் பரிமாறிக்கொண்டால் ஃபோல்டர் இரண்டு ஊரிலும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஆனில் இருந்தால்தான் ஒத்திசைவு நடக்கும். இதை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள்: இங்கே அழித்தது அங்கேயும் அழியும். ஃபைல் வெர்ஷனிங் தானாக ஆனில் இருக்காது. முதல் நாளே ஆன் செய்யுங்கள். டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் இதில் போடவே கூடாது. இரு பக்கமும் திறந்திருந்தால் டேட்டா குழம்பும்.

மொத்தமாக 100 ஜிபி அனுப்பவேண்டுமா? 20 மெகாபிட் அப்லோடில் கணக்குப் போட்டால் 11 மணி நேரம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் முன்பின். பையில் ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். அதை எக்ஸ்ஃபாட் என்ற டிஸ்க் வடிவத்தில் ஃபார்மட் செய்திருக்கவேண்டும். ஃபாட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபாட்டை மூன்றும் படிக்கும், எழுதும். ஆனால் அதற்கு ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருந்தது மட்டுமல்ல, ஃபோல்டரே காணாமல் போகலாம்.

தமிழில் பெயர் வைத்தால்

எந்த வழியில் போனாலும் காத்திருக்கும் சிக்கல் இது. விண்டோஸில் ‘கோவில்’ என்று தட்டினால் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே குறியீடாகச் சேமிக்கப்படும். மேக் அதையே ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும் வழக்கம் கொண்டது. ‘கொ’, ‘கௌ’ இரண்டின் குறிகளுக்கும் இதே கதி. திரையில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கில் ஜிப் செய்தது விண்டோஸுக்கு வந்ததும் ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கோவில்’ நிற்கும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். ‘கடலூர்’ என்ற பெயருக்கு இந்த வம்பு இல்லை, ‘கொள்ளிடம்’ மாட்டிக்கொள்ளும்.

நீளமும் ஒரு பிரச்சினை. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற டிஸ்க் வடிவத்தில் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் கணக்கு. ‘திருப்பாதிரிப்புலியூர்’ பார்வைக்குப் பதினோரு எழுத்து, உள்ளே 66 பைட். ஊர், கோவில், விழா, தேதி என்று விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்த ஃபைல் லினக்ஸ் சர்வரில் ‘நேம் டூ லாங்’ என்று நிற்பது இதனால்தான். மேக்கிலோ லினக்ஸிலோ பெயருக்குள் கேள்விக்குறி போட்டால் விண்டோஸ் ஏற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குறி இரண்டாகப் பிரிந்து கிடக்கும் பெயர்களை லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி ஒற்றைக் குறியாக்கி வைக்கும். என்எஃப்சி என்ற ஆப்ஷனோடு ஓட்டினால் முதலில் எதையும் மாற்றாமல், எந்தப் பெயர் எப்படி மாறும் என்று காட்ட மட்டும் செய்யும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, நோ-டெஸ்ட் (--notest) ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.