மைலேஜைத் தின்பது ட்ரெய்லரின் உயரம்: ஒரு பிக்கப் உரிமையாளரின் புலம்பல்

என்னிடம் இருக்கும் பிக்கப்பின் விலையைக் கம்பெனி குறைத்ததிலிருந்து நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "ட்ரெய்லர் மாட்டினால் மைலேஜ் எவ்வளவு விழும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது, எழுதியே விடுகிறேன். வண்டியின் பெயர் வேண்டாம். நான்கு கதவு, டர்போ டீசல், ஆட்டோமேட்டிக், 3500 கிலோ இழுவைத் திறன். இந்த வகையில் எந்த வண்டியின் விளம்பரத் தாளை எடுத்தாலும் ஏறக்குறைய இதையேதான் படிப்பீர்கள்.

முதலில் கேள்விக்குப் பதில். ட்ரெய்லர் இல்லாமல் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர், பொறுமையாக ஓட்டினால் 12. தாழ்வான திறந்த ட்ரெய்லரில் ஒன்றரை டன் இரும்பும் மரமும் ஏற்றினால் 9-க்குப் பக்கத்தில். கேரவன் அளவுக்கு உயரமான மூடிய பெட்டி ட்ரெய்லர் என்றால் ஆறரை. அந்தப் பெட்டி காலியாக வந்தாலும் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்தான். எல்லாமே டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு. டாஷ்போர்டு காட்டும் சராசரி எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும், அதை நம்பி யாருக்கும் பதில் சொல்வதில்லை.

காலிப் பெட்டி ஏன் இவ்வளவு குடிக்கிறது? எல்லோரும் எடையைத்தான் கேட்கிறார்கள். கம்பெனியும் கிலோவில்தான் பேசுகிறது. ஆனால் சமதளச் சாலையில் எடை வாங்கும் டீசல் அவ்வளவு பெரிதல்ல. நல்ல டயரில், சரியான காற்றோடு ஓடும் ஒரு டன் பாரத்தை உருட்டிக்கொண்டே போக சுமார் 100 நியூட்டன் விசை போதும். வேகம் கூடினாலும் இது பெரிதாக ஏறாது. காற்று அப்படியில்லை. மணிக்கு 90 கிலோமீட்டரில், வண்டியின் மறைவுக்கு வெளியே துருத்திக்கொண்டு தட்டையாக நிற்கும் சுவர், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 350 முதல் 400 நியூட்டன் வரை பின்னுக்கு இழுக்கும். அதாவது, கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சதுர மீட்டர் தகரம், மூன்றரை டன் கூடுதல் பாரம் கேட்கிற அளவு விசையைக் கேட்கிறது. 3500 கிலோ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், ட்ரெய்லரின் முன்பக்கப் பரப்பு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பதைக் கையேட்டில் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் வைத்திருப்பார்கள். சில கையேடுகளில் அதுவும் இல்லை.

பிக்கப்புக்கு இதில் இன்னொரு சாபம் உண்டு. பெரிய கன்டெய்னர் லாரிகளில் கேபினின் கூரை பெட்டியின் உயரத்துக்கே வளைந்து ஏறியிருக்கும், இரண்டுக்கும் நடுவே இடைவெளியும் குறைவு. காற்று ஒரே உடம்பின் மேல் போவது போல வழுக்கிப் போய்விடும். பிக்கப்பில் கேபின் முடிந்ததும் ஒன்றரை மீட்டர் சரக்குத் தொட்டி, அதற்குப் பிறகு ட்ரெய்லரின் இழுவைக் கம்பி, அப்புறம்தான் பெட்டி. கேபினைத் தாண்டிய காற்று அந்தப் பள்ளத்தில் சுருண்டு விழுந்து, எழுந்து போய்ப் பெட்டியின் நெற்றியில் மோதுகிறது. கேபின் மேலே பொருத்தும் காற்றுத் தடுப்புத் தகட்டையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் ட்ரெய்லருக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. முகப்பு கூர்மையாகவோ வளைவாகவோ வரும் ட்ரெய்லர்கள் உண்டு, அவற்றில் நிஜமாகவே தெரியும் என்று இழுத்தவர்கள் சொல்கிறார்கள். நம்புகிறேன்.

காற்றுதான் காரணம் என்றால் மருந்தும் அதிலேயே இருக்கிறது: வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 80-ல் ஓடுவதற்கும் 100-ல் ஓடுவதற்கும் வேகத்தில் வித்தியாசம் கால் பங்குதான், தடையில் 56 சதவீதம். எதிர்க்காற்று 20 கிலோமீட்டரில் அடித்தால் ஸ்பீடாமீட்டர் 80 காட்டினாலும் பெட்டிக்கு அது 100. ஒரே சாலையில், ஒரே பாரத்தோடு போகும்போது ஒரு கணக்கும் வரும்போது வேறு கணக்கும் ஏன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். ஜெர்மனியில் ட்ரெய்லர் இழுக்கும் கார்களுக்கு 80 கிலோமீட்டர்தான் வரம்பு, தனி அனுமதி பெற்றால் நெடுஞ்சாலையில் 100. அது பாதுகாப்புக்காக வைத்தது, ஆனால் டீசலுக்கும் அந்த 80-தான் சரியான வேகம். 80-ல் ஓட்டினால் என் ஆறரை ஏழரையாகிறது. பின்னால் வருபவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

மலைப்பாதை வேறு கதை, அங்கே எடைதான் ராஜா. 5 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 490 நியூட்டன் வேண்டும். இறங்கும்போது திரும்பக் கிடைக்குமே என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பகுதி பிரேக்கிலும் இன்ஜின் பிரேக்கிங்கிலும் சூடாகிப் போய்விடும். இந்த இடத்தில் வண்டியைப் புகழ்ந்தே ஆக வேண்டும். இழுவை மோடில் போட்டால் கியர் தாவிக்கொண்டே இருக்காது. ஏற்றத்தில் ஒரு கியரைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறும், இறக்கத்தில் தானே கியரைக் குறைத்துப் பிரேக்கைக் காப்பாற்றும். மோடு போடாமல் ஏறினால் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறி அலையும், இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியரையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும், அந்த வழுக்கல் முழுக்க ஆயில் சூடாகப் போகும் டீசல். க்ரூஸ் கன்ட்ரோலும் ஏற்றத்தில் வேண்டாம். வேகம் இரண்டு கிலோமீட்டர் குறைந்ததற்கே பதறிப்போய் முழுதாக அழுத்துகிறது. காலால் ஓட்டினால் கொஞ்சம் வேகம் இறங்கட்டும் என்று விடலாம்.

பக்கவாட்டுக் காற்றில் பெட்டி ஆட ஆரம்பித்தால், நான் உணர்வதற்கு முன்பே தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்து நேராக்கிவிடுகிறது. இன்ஜினுக்கு மூச்சு வாங்கவே வாங்காது. இழுப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

இந்த வண்டியின் டாஷ்போர்டில் "இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடலாம்" என்று ஓர் எண் காட்டும். அது சமீபத்தில் ஓடிய சராசரியை டேங்கில் மிச்சமிருக்கும் டீசலால் பெருக்கிச் சொல்கிற எண். வெறும் வண்டியாக ஓட்டிவிட்டு 80 லிட்டர் டேங்கை நிரப்பினால் 880 என்று பெருமையாகக் காட்டும். பெட்டியை மாட்டிக் கிளம்பினால் நிஜத்தில் அது 520. ஆனால் வண்டி அதை உடனே ஒத்துக்கொள்ளாது. ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் எண்ணில் நூற்றைம்பது குறையும். மனதில் போட்டு வைத்த பங்க் கணக்கெல்லாம் வழியிலேயே சரியும். ஊர் போய் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு டேங்க் நிரப்பினால் எதிர்ப்பாட்டு: முழு டேங்குக்கு 500 என்று அழும், அப்புறம் ஓட ஓட எண் கூடிக்கொண்டே போகும்.

வண்டிக்குத் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். தெரியும்! ட்ரெய்லரின் ஒயர் பிளக்கைச் செருகிய மறுநொடி டாஷ்போர்டில் ட்ரெய்லர் படம் வருகிறது. பின்பக்க பார்க்கிங் சென்சார் தானாக அணைகிறது. ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. இத்தனைக்கும் தெரிந்த விஷயம் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் தெரியவில்லை. ட்ரெய்லரோடு ஓடியதற்கு ஒரு சராசரி, இல்லாமல் ஓடியதற்கு ஒரு சராசரி என்று இரண்டு எண்ணைத் தனித்தனியாக நினைவில் வைப்பது என்ன ராக்கெட் விஞ்ஞானமா? ஃபோர்டின் மின்சார பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கில் ட்ரெய்லரின் அளவையும் எடையையும் பதிந்து வைத்தால் ஓடும் தூரத்தை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறது. என் சர்வீஸ் சென்டரில் கேட்டால் "எல்லா வண்டியிலும் அப்படித்தான் சார்" என்கிறார்கள், சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார்கள், பாட்டுக் கேட்கும் திரையின் நிறம் மட்டும் மாறியது.

இதன் வேர் எங்கே என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ட்ரெய்லரோடு மைலேஜ் எவ்வளவு என்று கம்பெனிகளை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் இ.பி.ஏ. (அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) மைலேஜ் எண் ட்ரெய்லர் இல்லாமல் எடுத்தது. இழுவைத் திறனுக்கென்றே வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்று ஒரு தரம் இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், கொதிக்கும் வெயிலில், ஏ.சி.யை முழுதாகத் திருகி வைத்துக்கொண்டு ஏற வேண்டும் என்கிற அளவுக்குக் கறாரான சோதனை. ஏறியதா, சூடாகாமல் ஏறியதா என்று பார்ப்பார்கள். எவ்வளவு குடித்தது என்பது அதில் கேள்வியே இல்லை.

பெட்ரோல் டர்போ வாங்கலாமா என்று கேட்டவருக்கு: அடிக்கடி இழுப்பவர் என்றால் வேண்டாம். தொடர்ந்து பாரம் ஏறும்போது டர்போவும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் வெந்துவிடாமல் இருக்க அந்த இன்ஜின்கள் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக் குளிரவைக்கும். அந்தக் கூடுதல் பெட்ரோல் இழுக்க உதவாது. டீசலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வருடத்துக்கு ஓரிரு முறைதான் இழுப்பேன் என்றால் பெட்ரோலே போதும்.

ட்ரெய்லரையும் கொஞ்சம் பாருங்கள். மைலேஜ் திடீரென்று விழுந்தால் காற்றையும் பாரத்தையும் திட்டுவதற்கு முன்னால், நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகப்போகிறது. டயர் காற்றைச் சொல்லவே வேண்டியதில்லை.

வாங்கலாமா என்றால், இப்போதுதான் டேங்க் நிரப்பிவிட்டு வந்து எழுதுகிறேன், திரையில் 498 என்று நிற்கிறது, ட்ரெய்லர் கொட்டகையில் கிடக்கிறது. பத்துக்கு ஐந்துதான் தருவேன். மேலே எழுதிய பாராட்டையெல்லாம் கூட்டினால் எட்டு வரும் என்று தெரியும், வரட்டும். விலை குறைந்ததற்காக ஓடாதீர்கள். அந்தப் பணத்தை வைத்துக் கூரை தாழ்வான ட்ரெய்லர் ஒன்றைப் பாருங்கள், மேல்பகுதி மடங்கி இறங்குகிற வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கேள்வி கேட்கிறவர்கள் இனிமேல் எடையோடு சேர்த்து ட்ரெய்லரின் அகலத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். அது இல்லாமல் மைலேஜ் கேட்டால் நான் பதில் போடப்போவதில்லை.